ஆகாயத்தாமரையிலிருந்து எரிபொருள் மின்கல வினையூக்கி: ஒரு நிகழ்வு ஆய்வு

சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் குழு 2015-இல் ‘நானோஸ்கேல்’ இதழில் ஒரு முடிவை வெளியிட்டது. ஆகாயத்தாமரையை எடுத்து, துத்தநாகக் குளோரைடு சேர்த்து, 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலைகளில் வெப்பச் சிதைவு செய்து நுண்துளைக் கார்பன் தயாரித்தார்கள். அதன் பரப்பளவு கிராமுக்கு 950.6 சதுர மீட்டர் வரை எட்டியது. 700 டிகிரியில் சுட்ட மாதிரிதான் தொடரிலேயே சிறந்தது. காரக் கரைசலில் அது ஆக்சிஜனை ஒடுக்க (எலக்ட்ரான் கொடுத்து வினைப்படுத்த) தொடங்கிய மின்னழுத்தம், பொது அளவுகோலான மீள் ஹைட்ரஜன் மின்முனையை அடிப்படையாகக் கொண்டால், ஏறத்தாழ 0.98 வோல்ட். எரிபொருள் மின்கலங்களில் வழக்கமாகப் பயன்படும், விலைக்குக் கிடைக்கும் 20 சதவீதப் பிளாட்டினம்-கார்பன் வினையூக்கிக்குப் பக்கத்தில் வரும் எண் இது. நைட்ரஜனுக்காகத் தனிப்பொருள் எதுவும் தேவைப்படவில்லை; செடியிலேயே இருந்த நைட்ரஜன் கார்பன் வலைக்குள் தங்கிவிட்டது. உலோகமில்லா வினையூக்கி என்று அதற்குப் பெயர் கொடுத்தார்கள்.

குளத்தை மூடும் களை பிளாட்டினத்துக்கு மாற்று என்பது யாரையும் ஈர்க்கும் செய்தி. இலங்கையில் இந்தச் செடிக்கென்றே 1909-இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக் குளங்களிலும் கால்வாய்களிலும் இதை அள்ளிப்போட ஆண்டுதோறும் பணம் செலவாகிறது. ஆனால் இந்த நிகழ்வை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் வேறு. கழிவுநீரிலிருந்து உலோகங்களை உறிஞ்சி எடுப்பதற்குப் பேர்போன செடி ஆகாயத்தாமரை. அப்படிப்பட்ட செடியிலிருந்து வந்த கார்பனில் வேலை செய்வது நைட்ரஜனா, செடி குடித்து வைத்த இரும்பா? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் உயிர்நிறைக் கார்பன் எதையும் ஆய்வகத்துக்கு வெளியே கொண்டுபோக முடியாது. செய்முறையின் ஒவ்வொரு கட்டமும் இந்தக் கேள்வியோடு பிணைந்திருக்கிறது. கீழே வரும் அளவுகள் இவ்வகைக் கார்பனுக்கு ஆய்வகங்களில் வழக்கமாகக் கையாளப்படுபவை.

ஆக்சிஜன் பக்கத்துச் சிக்கல்

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் மின்கலத்தில் மின்னழுத்தம் பெருமளவு வீணாவது ஆக்சிஜன் பக்கத்தில். ஆக்சிஜன் மூலக்கூறின் பிணைப்பைப் பிளந்து நான்கு எலக்ட்ரான்களைக் கொடுத்தால்தான் வினை முடியும். கோட்பாட்டின்படி 1.23 வோல்ட் கிடைக்க வேண்டும். நல்ல பிளாட்டினம் இருந்தும் 0.3 வோல்ட்டுக்கு மேல் இங்கே போய்விடுகிறது. வினை இரண்டு எலக்ட்ரான்களோடு நின்றால் வருவது பெராக்சைடு. கிடைக்க வேண்டிய எலக்ட்ரான் ஓட்டத்தில் பாதிதான் கிடைக்கும், சவ்வும் கார்பனும் அரிக்கப்படும்.

பிளாட்டினம் இல்லாமல் இதைச் செய்யலாம் என்பதைக் கோபால்ட் தாலோசயனின் கொண்டு ஜாசின்ஸ்கி 1964-லேயே காட்டினார். 2009-இல் நைட்ரஜன் மாசூட்டிய (நைட்ரஜன் அணுக்களைக் கலந்த) கார்பன் நானோகுழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்தோடு போட்டியிட்டன. அதன்பின் கையில் கிடைத்த நைட்ரஜனுள்ள பொருளையெல்லாம் சுட்டுப் பார்க்கும் காலம் வந்தது: சம்புக்கோரை, கீரைக் கழிவு, தலைமுடி, சிறுநீர். இவற்றில் பெரும்பாலானவை காரத்தில் நன்றாகவும் அமிலத்தில் மோசமாகவும் வேலை செய்யும். அமிலத்தில் பிரிடின் வகை நைட்ரஜன் (கார்பன் தளத்தின் விளிம்பில் அமர்ந்தது) புரோட்டானைப் பிடித்துக்கொண்டு செயலிழப்பது ஒரு காரணம். ஆகவே இங்கே பேசுவதெல்லாம் கார மின்கலத்தைப் பற்றியது.

செடியைத் தயார் செய்தல்

பச்சை ஆகாயத்தாமரையில் 95 சதவீதம் வரை தண்ணீர். 100 கிலோ அள்ளினால் காய்ந்த பொருள் 5 கிலோதான். மீதி 95 கிலோ நீரை மின் அடுப்பில் ஆவியாக்கினால் ஏறக்குறைய 67 யூனிட் மின்சாரம் ஆகும். கடைசியில் கையில் நிற்பது ஒரு கிலோவை ஒட்டிய கார்பன். எனவே வெயிலில் உலர்த்துவதைத் தவிர வேறு வழி இல்லை. காம்பை நெடுக்காகக் கீறிப் பரப்ப வேண்டும். முழுதாகப் போட்டால் உள்ளிருக்கும் பஞ்சுப்பகுதி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பூஞ்சணம் பூக்கும். பூஞ்சணம் பிடித்த காம்பில் நைட்ரஜன் அளவு எப்படி மாறியிருக்கும் என்று சொல்லவே முடியாது.

வேரை அறுத்து எறிந்துவிட வேண்டும். அதில் சேறு மட்டுமல்ல, இரும்பு ஆக்சைடும் படலமாகப் படிந்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் முழுதாகப் போகாது. இலையில் நைட்ரஜன் அதிகம், காம்பில் குறைவு. ஒரு தொகுதியில் இலை கூடி அடுத்ததில் காம்பு கூடினால் இரண்டும் வெவ்வேறு கார்பன். இலையையும் காம்பையும் பிரித்து உலர்த்தி, எடை போட்டு, ஒரே விகிதத்தில் கலப்பது கூடுதல் வேலைதான். ஆனால் அதைச் செய்யாமல் மறுமுறை அதே முடிவை எதிர்பார்க்கக் கூடாது.

அரைக்கும்போது கவனம் தேவை. எஃகு பிளேடு மிக்ஸியும் எஃகுக் குண்டு ஆலையும் தூளில் இரும்பைச் சேர்க்கும். அகேட் உரலோ, சிர்கோனியாக் குண்டுகளோ வேண்டும். நன்கு உலர்ந்த இலை அகேட் உரலில் எளிதாகப் பொடியும். நொறுங்காமல் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

அரைத்த கையோடு சாம்பல் சோதனை செய்ய வேண்டும். எடை பார்த்த பீங்கான் குருசிபிளில் 1 கிராம் தூளை மஃபிள் உலையில் 575 டிகிரியில் 4 மணி நேரம் காற்றோட்டத்தில் எரித்து மீண்டும் எடை போட்டால் போதும். ஆகாயத்தாமரையில் சாம்பல் 15 முதல் 25 சதவீதம் வரை வரும். பொட்டாசியமும் கால்சியமும் அதில் அதிகம், சிலிக்காவும் இருக்கும். சாம்பல் செம்மை தட்டியிருந்தால் இரும்பு ஏராளம். ஒப்பீட்டுக்குக் கொட்டாங்குச்சியைப் பாருங்கள்: சாம்பல் 1 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். காங்கேயம், பல்லடம் பக்கத்துக் கரித் தொழில் அதை நம்பி நடப்பதில் வியப்பில்லை. ஆனால் அதில் நைட்ரஜன் மிகக் குறைவு. யூரியாவோ மெலமினோ சேர்த்துத்தான் ஆக வேண்டும். ஆகாயத்தாமரை நைட்ரஜனை இலவசமாகத் தருகிறது, கூடவே சாம்பலையும் தருகிறது.

சுடுதல்

10 கிராம் தூளுக்கு 20 கிராம் துத்தநாகக் குளோரைடு, 60 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீர். இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கண்முன்னே கசிந்துவிடும். எடை போடுவது ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கரைசல் கலங்கலாக இருந்தால் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் தெளியும். தூளைக் கொட்டி 80 டிகிரியில் 4 மணி நேரம் கலக்கி, 110 டிகிரி அடுப்பில் ஓர் இரவு உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் உலையில் கொதித்துப் படகிலிருந்து (தூளை வைக்கும் படகு வடிவத் தட்டு) வழியும். குழாய் உலைக்கு அலுமினாப் படகு ஏற்றது.

துத்தநாகக் குளோரைடு 290 டிகிரியை ஒட்டி உருகுகிறது. உருகிய உப்பு செல்லுலோஸுக்குள் புகுந்து அதிலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தண்ணீராக வெளியேற்றுகிறது. அதனால் தார் குறைந்து கார்பன் அதிகம் தங்குகிறது. உப்பு இருந்த இடம் கழுவிய பிறகு துளையாக நிற்கிறது. இதன் கொதிநிலை 732 டிகிரி. 700 டிகிரியிலேயே ஆவி கணிசமாகப் போகும். 800 டிகிரிக்குப் போனால் உப்பு பெரும்பாலும் பறந்துவிடும். பறந்த ஆவி குழாயின் குளிர்ந்த முனையில் வெள்ளைப் பொருக்காகப் படியும். இந்தச் செய்முறையில் அடிக்கடி நேரும் கோளாறு இதுதான்: பொருக்கு வெளியேறு குழாயை அடைக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, முனை மூடி தெறிக்கிறது. வெளியேறு குழாய் உள்விட்டம் 10 மில்லி மீட்டருக்குக் குறையக் கூடாது. குமிழிகள் சீராக வருகின்றனவா என்று மணிக்கொரு முறை பார்க்க வேண்டும். அந்த ஆவி நுரையீரலைப் புண்ணாக்கும். புகைப்போக்கி அறைக்கு வெளியே இந்த வேலையைச் செய்யவே கூடாது.

வெளியேறும் வாயுவை இரண்டு குடுவைகள் வழியாக விடவும். முதல் குடுவை வெறுமனே இருக்கட்டும், இரண்டாவதில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. உலை குளிரும்போது உள்ளிருக்கும் வாயு சுருங்கிக் கரைசலைப் பின்னோக்கி இழுக்கும். காலிக் குடுவை இல்லையென்றால் காரக் கரைசல் சூடான குவார்ட்ஸ் குழாய்க்குள் பாயும்.

50 மில்லி மீட்டர் விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு ஏறக்குறைய 2 லிட்டர். நிமிடத்துக்கு 100 மில்லி லிட்டர் வீதம் அரை மணி நேரம் நைட்ரஜன் விட்டால் காற்று ஒன்றரை முறைதான் மாறும்; அது போதாது. 500 மில்லி லிட்டர் வீதம் அரை மணி விட்டுவிட்டு, பிறகு 100-க்குக் குறைத்து, நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் சூடேற்றலாம். 700-ஐ எட்ட இரண்டே கால் மணி நேரம், அங்கே நிறுத்துவது 2 மணி நேரம். குளிரும்போது நைட்ரஜனை 50 டிகிரிக்குக் கீழே வரும்வரை நிறுத்தக் கூடாது. சூடான நுண்துளைக் கார்பன் காற்றுப் பட்டதும் கனன்று எரியும். வாயு நுழையும் பக்கத்துப் படகு முனையில் மட்டும் சாம்பல் பூத்திருந்தால், வாயுவில் ஆக்சிஜன் கலந்திருக்கிறது அல்லது அந்தப் பக்கத்து மூடி கசிகிறது.

700 டிகிரி ஏன் முந்தியது? குவாங்சோ தொடரில் பிரிடின் வகை நைட்ரஜனும் கிராஃபைட் வகை நைட்ரஜனும் (தளத்துக்குள் கார்பனின் இடத்தைப் பிடித்தது) அந்த மாதிரியில்தான் அதிகம். பொதுவாகவே 600-இல் கார்பன் தளங்கள் போதிய அளவு இணைவதில்லை, மின்கடத்தல் குறைவு. 800-இல் கடத்தல் நன்றாக இருக்கும், ஆனால் நைட்ரஜன் வாயுவாகி வெளியேறத் தொடங்கிவிடும். இரண்டு போக்குகளும் ஒன்றையொன்று வெட்டும் இடம் 700-ஐ ஒட்டி விழுகிறது. வேறு செடிக்கு இந்த இடம் 100 டிகிரி தள்ளிப்போகலாம். ஆகவே 50 டிகிரி இடைவெளியில் குறைந்தது மூன்று மாதிரிகளாவது சுட்டுப் பார்க்காமல் ஒரு வெப்பநிலையை முடிவு செய்யக் கூடாது.

துத்தநாகக் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போட்டால் பரப்பளவு இன்னும் கூடும். ஆனால் அது குவார்ட்ஸைத் தின்னும். 760 டிகிரியை ஒட்டிப் பொட்டாசிய ஆவியும் கிளம்பும்; குளிர்ந்தபின் அதன் எச்சத்தில் தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும். நிக்கல் படகும் அனுபவமும் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கழுவுதல்

1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கிராமுக்கு 100 மில்லி லிட்டர், 80 டிகிரி, 6 மணி நேரம். வடிகட்டிப் புது அமிலத்தில் இன்னும் இரண்டு முறை. அமிலத்தை மெதுவாக விட வேண்டும்: கார்பனேட் நுரைக்கும், செடியிலிருந்த சல்பேட்டுகள் சுடும்போது சல்பைடாக மாறியிருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அது நச்சு வாயு. பிறகு காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். வடிநீரில் வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டு வெண்மை கட்டினால் கழுவல் முடியவில்லை என்று பொருள். 10 கிராம் உலர்தூளுக்கு 2 முதல் 3 கிராம் கார்பன் நிற்கும்.

இப்போது மறுபடியும் சாம்பல் சோதனை. 2 சதவீதத்துக்கு மேல் வந்தால் பெரும்பாலும் சிலிக்கா. அமிலம் அதைத் தொடாது. 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில், பாலிப்ரோப்பிலீன் பாத்திரத்தில், 80 டிகிரியில் வைத்து எடுக்கலாம். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் விரைவாக வேலை செய்யும் என்றாலும், அதற்கென்ற பாதுகாப்பு ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்தப் புட்டியே இருக்கக் கூடாது.

அளத்தல்

உயிர்நிறைக் கார்பன்களைப் பற்றிய மிகைக்கூற்றுகளில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில் பிறக்கிறது. ஏமாற்றும் எண்ணம் தேவையில்லை, அளவீடே ஏமாற்றும்.

மை தயாரிப்பு: 5 மில்லிகிராம் கார்பன், நீரும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் சேர்ந்து 480 மைக்ரோலிட்டர், 5 சதவீத நாஃபியான் (அயனி கடத்தும் பிசின்) கரைசல் 20 மைக்ரோலிட்டர். பனிக்கட்டி நீரில் வைத்து 30 நிமிடம் மீயொலிக் கலக்கல். கரைசலில் சுழலவிட்டு அளக்கும், 5 மில்லி மீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் கார்பன் வட்டின் பரப்பு 0.196 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 10 மைக்ரோலிட்டர் விட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 0.51 மில்லிகிராம். சும்மா உலரவிட்டால் பொருள் விளிம்பில் வளையமாக ஒதுங்கி நடுவில் கண்ணாடிக் கார்பன் தெரியும். மின்முனையைத் தலைகீழாகப் பொருத்தி நிமிடத்துக்கு 700 சுற்றில் சுழலவிட்டு உலர்த்தினால் படலம் சீராக வரும்.

முதல் பொறி, மின்தேக்க மின்னோட்டம். கிராமுக்கு 1000 சதுர மீட்டர் பரப்புள்ள கார்பனுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10 மைக்ரோஃபாரட் என்று வைத்தாலும் கிராமுக்கு 100 ஃபாரட் ஆகிறது. மின்னழுத்தத்தை நொடிக்கு 5 மில்லிவோல்ட் வேகத்தில் மாற்றிச் செல்லும்போது, மேலே சொன்ன படலத்தில் ஆக்சிஜனே இல்லாமல் சதுர சென்டிமீட்டருக்கு 0.25 மில்லி ஆம்பியர் ஓடும். தொடக்க மின்னழுத்தத்தைப் பலர் 0.1 மில்லி ஆம்பியரில் குறிக்கிறார்கள். பின்னணியைக் கழிக்காமல் அப்படிக் குறித்தால் அது வினையின் தொடக்கமே அல்ல, கார்பன் மின்னூட்டம் ஏற்பதன் தொடக்கம். அதே படலம், அதே வேகத்தில், நைட்ரஜன் நிறைந்த கரைசலில் எடுத்த வளைவைக் கழித்துவிட்டுத்தான் எந்த எண்ணையும் படிக்க வேண்டும். தொடக்க மின்னழுத்தத்தைவிட அரை அலை மின்னழுத்தத்தை (மின்னோட்டம் தன் எல்லை அளவில் பாதியை எட்டும் இடம்) நம்புவது மேல். நல்ல பிளாட்டினம்-கார்பனுக்கு 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் அது 0.85 வோல்ட்டை ஒட்டி வரும். உங்கள் பிளாட்டினம் 0.80 காட்டினால் பிழை பிளாட்டினத்தில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது.

அடுத்தது ஒப்பு மின்முனை. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையைக் காரத்தில் வைத்து, 0.197-உடன் 0.0591 பெருக்கல் பி.எச். கூட்டி மாற்றுவது பரவலான பழக்கம். பி.எச். 13-க்கு 0.965 வோல்ட் வரும். ஆனால் காரம் உள்ளே ஊடுருவ, வெள்ளி ஆக்சைடு படிந்து, மின்முனை 20 முதல் 30 மில்லிவோல்ட் நகர்ந்துவிடும். பிளாட்டினத்தை வென்றதாகச் சொல்லப்படும் வித்தியாசமே பல நேரம் அந்த அளவுதான். பாதரசம்–பாதரச ஆக்சைடு மின்முனையை வைத்து, ஹைட்ரஜன் நிறைந்த அதே கரைசலில் பிளாட்டினக் கம்பியோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது அரை மணி நேர வேலை.

கரைசலின் மின்தடையையும் விடக் கூடாது. அது 40 ஓம் என்றால், 1.1 மில்லி ஆம்பியர் ஓடும்போது 44 மில்லிவோல்ட் காணாமல் போகும்.

எல்லை மின்னோட்டம் ஒரு நல்ல காவல். சுழலும் வட்டுக்கு ஆக்சிஜன் வந்துசேரும் வேகத்தைக் கணிக்கும் லெவிச் சமன்பாட்டின்படி 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், நிமிடத்துக்கு 1600 சுற்றில், நான்கு எலக்ட்ரான் வினைக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 5.7 மில்லி ஆம்பியர் வரும். இரண்டு எலக்ட்ரானுக்கு 2.85. ஒரு மாதிரி 7 காட்டினால் படலம் வட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது அல்லது பின்னணி கழிக்கப்படவில்லை. 4 காட்டினால் பெராக்சைடு அதிகம், அல்லது படலம் வட்டை முழுதாக மூடவில்லை.

எலக்ட்ரான் எண்ணிக்கையை வளைய–வட்டு மின்முனையில் பார்ப்பார்கள்; வட்டில் உண்டாகும் பெராக்சைடைச் சுற்றியுள்ள வளையம் பிடித்து அளக்கும். இதில் ஒரு நுட்பம் உண்டு. படலம் தடிமனாக இருந்தால், வெளியேறும் பெராக்சைடு துளைகளுக்குள் அலைந்து இன்னொரு தளத்தில் மீண்டும் ஒடுங்கிவிடும். வளையத்துக்கு வருவது குறையும், கணக்கு 3.9 என்று சொல்லும். சதுர சென்டிமீட்டருக்கு 0.05, 0.1, 0.3, 0.6 மில்லிகிராம் என்று நான்கு படலங்களில் அளந்து பாருங்கள். தடிமன் குறையக் குறையப் பெராக்சைடு ஏறினால், அந்தக் கார்பன் இரண்டும் இரண்டுமாக ஒடுக்குகிறது.

எதிர் மின்முனையாகப் பிளாட்டினக் கம்பி கூடாது. கரைந்து வந்து உங்கள் கார்பன்மேல் படியும். கிராஃபைட் தண்டு போதும். கண்ணாடிக் கலத்தைக் காரம் அரித்து மாசுகளை வெளியேற்றும், ஆகவே டெஃப்லான் கலம். பிளாட்டினம் அளந்த கலத்தில் கார்பனை அளக்கவே கூடாது.

இரும்பா, நைட்ரஜனா

இனி மையக் கேள்வி. ஒரு சிறு கணக்கு. உலர்ந்த இலையில் இரும்பு கிலோவுக்கு 300 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் ஒரு பங்கு கார்பனாக நிற்கிறது. இரும்பு போகாவிட்டால் கார்பனில் 0.12 சதவீதமாகச் செறிவடையும். அமிலக் கழுவலில் பாதிக்கு மேல் போய் 0.05 சதவீதம் மிஞ்சினாலும், ஒரு கிராம் கார்பனில் ஏறத்தாழ 5 × 10¹⁸ இரும்பு அணுக்கள். வேண்டுமென்றே இரும்பு சேர்த்துச் செய்யும் இரும்பு–நைட்ரஜன்–கார்பன் வினையூக்கிகளின் செயல்தள அடர்த்தியோடு ஒப்பிடத்தக்க எண்ணிக்கை இது. அதை இல்லாததாகக் கொள்ள முடியாது.

அமிலத்தில் கழுவினோமே என்று சமாதானம் சொல்வதும் செல்லாது. அமிலம் கரைப்பது தனித்திருக்கும் ஆக்சைடையும் உலோகத் துகளையும். நான்கு நைட்ரஜன்கள் பிடித்து வைத்த தனி இரும்பு அணுவையும், கிராஃபைட் ஓட்டுக்குள் மூடப்பட்ட துகளையும் அது எளிதில் தொடாது. அதாவது கழுவல் வேலை செய்யாத இரும்பை எடுத்துவிட்டு, வேலை செய்யும் இரும்பை விட்டுவைக்கிறது. எக்ஸ்-கதிர் கொண்டு மேற்பரப்பின் தனிமங்களைக் காணும் எக்ஸ்.பி.எஸ். அளவீட்டில் இரும்பு தெரியவில்லை என்பதும் சான்றாகாது. அந்தக் கருவி மேற்பரப்பில் சில நானோமீட்டர் மட்டுமே பார்க்கும், 0.1 அணு சதவீதத்துக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. 0.05 எடை சதவீத இரும்பு என்பது அணுக் கணக்கில் 0.01 சதவீதம்தான். கார்பனை முழுதாக எரித்து, சாம்பலை அமிலத்தில் கரைத்து, பிளாஸ்மாவில் தனிமங்களை அளக்கும் ஐ.சி.பி. கருவியில் அளந்த எண்ணே பேசத்தக்கது.

இது கற்பனை ஐயம் அல்ல. உலோகமில்லாதவை என்று கருதப்பட்ட நைட்ரஜன் கார்பன்களின் செயல்திறனை நுண்ணளவு உலோக எச்சங்கள் உயர்த்துவதை ஜெர்மனியின் போஹும் (Bochum) நகர ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள். 2020-இல் வேதியியலாளர் மார்ட்டின் பூமெராவின் குழு பறவை எச்சத்தை கிராஃபீனோடு சேர்த்துச் சுட்டு, மாசூட்டாத கிராஃபீனைவிட அது நன்றாக வேலை செய்வதை வெளியிட்டது. எதைப் போட்டாலும் முன்னேற்றம் தெரியும் என்றால், அந்த முன்னேற்றத்தைப் போட்ட பொருளின் சிறப்பாகச் சொல்ல முடியாது. அதற்கு வெகு முன்பே, 2006-இல், ஜப்பானில் ஹீமோகுளோபினைச் சுட்டு வினையூக்கி செய்தார்கள். அவர்கள் இரும்பை மறைக்கவில்லை, அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நேர்மையான வழி அது.

ஆகாயத்தாமரைக்கு நாம் பரிந்துரைக்கும் சோதனை, கழுவும் வரிசையை மாற்றுவது. உலர்தூளை இரண்டாகப் பிரிக்கவும். ஒன்றை வழக்கம்போலச் சுட்டுப் பின் கழுவவும். மற்றதைச் சுடும் முன்பே 1 மோலார் அமிலத்திலும், தொடர்ந்து உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் 0.05 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலிலும் ஊறவைத்துக் கழுவி, இரும்பு நைட்ரஜனோடு பிணையும் வாய்ப்பை முன்கூட்டியே தடுக்கவும். பிறகு இரண்டையும் ஒரே உலையில், ஒரே ஓட்டத்தில் சுடவும். பரப்பளவும் நைட்ரஜன் சதவீதமும் இரண்டிலும் ஒத்திருந்து, முன்கழுவிய மாதிரியின் அரை அலை மின்னழுத்தம் மட்டும் இறங்கினால், இறங்கிய பங்கு இரும்புடையது. அமிலம் பொட்டாசியத்தையும் புரதத்தில் ஒரு பகுதியையும் எடுத்துவிடும் என்பதால், பரப்பளவையும் நைட்ரஜனையும் அளக்காமல் இந்த ஒப்பீடு எதையும் சொல்லாது. மூன்றாவதாக, முன்கழுவிய தூளில் 0.1 சதவீத இரும்புக்கு ஈடான ஃபெரிக் குளோரைடைத் திரும்பச் சேர்த்துச் சுட்டுப் பார்க்கவும். இழந்த மின்னழுத்தம் திரும்பி வந்தால் வழக்கு முடிந்தது.

இரும்பைச் சயனைடால் செயலிழக்கச் செய்து பார்க்கும் நஞ்சூட்டும் சோதனை பற்றிப் பல கட்டுரைகளில் காணலாம். அமிலத்தின் ஒரு துளி பட்டாலும் உயிரைப் பறிக்கும் வாயு வரும். மேலே சொன்ன மூன்று மாதிரிகள் அதே விடையை ஆபத்தில்லாமல் தரும்.

இரும்புதான் வேலை செய்கிறது என்று தெரிந்தால் அது தோல்வியா? இல்லை. இரும்பு பிளாட்டினத்தைவிட மலிவு என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சிக்கல் வேறிடத்தில்: ஒரு குளத்துச் செடியில் இரும்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம் இருக்கும், சாயக் கழிவு கலக்கும் இன்னொரு குளத்துச் செடியில் 2000 இருக்கும். நைட்ரஜன் என்று நம்பி ஒருவர் வெப்பநிலையை நுணுக்கிக்கொண்டிருப்பார், முடிவை ஆட்டிவைப்பது குளமாக இருக்கும். செடியின் சொந்த இரும்பை முன்கழுவலில் அகற்றிவிட்டு, அளந்த இரும்பைத் திரும்பச் சேர்ப்பதே தொகுதிக்குத் தொகுதி ஒரே தரம் தரும் வழி.

துத்தநாகத்தின் கணக்கு

5 கிலோ உலர்தூளுக்கு 10 கிலோ துத்தநாகக் குளோரைடு. ஒரு கிலோ கார்பனின் விலையைத் தீர்மானிப்பது இந்த உப்பு, இலவசமாக வந்த செடி அல்ல. முதல் அமில வடிநீரைத் தனியே எடுத்துச் சுண்டக் காய்ச்சி அடுத்த தொகுதிக்குப் பயன்படுத்தினால்தான் கணக்கு கட்டும்; அதில் செடியின் பொட்டாசியமும் இரும்பும் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அளக்க வேண்டும்.

மீதி வடிநீரை வெளியே விட முடியாது. இந்தியாவின் பொது விதிகளின்படி உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் துத்தநாகம் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்பு சேர்த்துப் பி.எச்.-ஐ 9 முதல் 10-க்குள் நிறுத்தினால் துத்தநாக ஹைட்ராக்சைடு படியும். சேர்ப்பது கூடி 11-ஐத் தாண்டினால் படிந்தது சிங்கேட்டாக (காரத்தில் கரையும் துத்தநாக உப்பு) மாறித் திரும்பக் கரையும். வடிநீர் தெளிவாக இருப்பதைப் பார்த்து எல்லாம் படிந்துவிட்டது என்று நினைத்து ஏமாறும் இடம் இது.

எந்த மின்கலத்துக்கு

சுழல் வட்டில் வென்ற கார்பன் சவ்வு மின்கலத்தில் தடுமாறுவது வழக்கம். பிளாட்டின அடுக்கின் தடிமன் 10 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். கார்பன் வினையூக்கியைச் சதுர சென்டிமீட்டருக்கு 4 மில்லிகிராம் பூசினால் தடிமன் 100 மைக்ரோமீட்டரை எட்டும். அவ்வளவு ஆழத்துக்கு ஆக்சிஜன் போக வேண்டும், தண்ணீரும் அயனியும் நகர வேண்டும். 2 நானோமீட்டருக்குக் குறைந்த துளைகள் நீரில் மூழ்கிவிடும். 950 சதுர மீட்டரில் பெரும்பங்கு அத்தகைய துளை என்றால் அந்தப் பரப்பு அளவீட்டுத் தாளோடு சரி. போதாததற்கு, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காரச் சவ்வில் கார்பனேட்டாகி அயனிக் கடத்தலைக் குறைக்கும். மெத்தனால் தாங்கும் திறனைப் பல கட்டுரைகள் பெருமையாகக் காட்டும். ஹைட்ரஜன் மின்கலத்தில் மெத்தனாலே இல்லை. நேரடி மெத்தனால் மின்கலம் செய்பவருக்கு மட்டுமே அது பயன்.

எங்கள் கணிப்பில், இந்தக் கார்பனுக்கு இன்றைக்கு ஏற்ற இடம் வாகன மின்கலம் அல்ல. துத்தநாக–காற்று மின்கலம் ஒன்று: கரைசல் செறிந்த காரம், தடிமனான காற்று மின்முனை அங்கே இயல்பு, எச்சத் துத்தநாகமும் கேடு செய்யாது. மற்றொன்று, கழிவுநீரில் இயங்கும் நுண்ணுயிர் எரிபொருள் மின்கலம். அங்கே பிளாட்டினத்துக்குப் பதில் செயலூட்டிய கரியை நிக்கல் வலையில் அழுத்தி நன்றாகப் பயன்படுத்தலாம் என்பதை அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2009-இல் காட்டியது. மின்னோட்டம் மிகக் குறைவு, பி.எச். நடுநிலை, கார்பனிலுள்ள இரும்பு அங்கே வரவேற்கத்தக்கது. சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லிகிராம் வீதம் டெஃப்லான் பிசினோடு அழுத்தினால், 100 கிலோ பச்சை ஆகாயத்தாமரையில் கிடைக்கும் ஒரு கிலோ கார்பன் 4 சதுர மீட்டர் காற்று மின்முனைக்குப் போதும்.